கேட்காத சீழ்க்கை

செல்வதாஸின் இடது காது போனது யுத்த காலத்தில், வங்காள விரிகுடாவில். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்தில் ஒரு சர்ச் உபதேசியாரின் மகனாகப் பிறந்து, பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு கப்பற்படைக்குப் போனவன். சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போகும் ஒரு சின்னக் கப்பலில், தண்ணீருக்கு அடியில் கேட்கும் கருவியின் முன்னால் அவனை உட்கார்த்தியிருந்தார்கள். இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரியின் நீர்மூழ்கிச் சத்தம் வருகிறதா என்று நாலு மணி நேரம் கேட்க வேண்டும். ஒரு நாள் கடலுக்குள் குண்டு போடப் போகிறோம் என்று மேல்தட்டிலிருந்து முன்கூட்டிச் சொல்ல மறந்துவிட்டார்கள். ஹெட்போனைக் கழற்றுவதற்குள் குண்டு வெடித்தது. காதிலிருந்து ரத்தம் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது.

டாக்டரிடம் அவன் சொல்லவில்லை. சொன்னால் அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அடுக்களைக்கு அனுப்பிவிடுவார்கள். வலது காதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச யுத்தத்தை ஒப்பேற்றினான். பிறகு பம்பாயில் கப்பற்படைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இவனும் அதில் நின்றான். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவனானான்.

ஊருக்கு வந்த பிறகு ஆறு வருஷம் நிலையாக ஒரு வேலை இல்லை. வடசேரிச் சந்தையில் வாழைக்குலை ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வை பார்த்தான். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தான். நடுவில் கல்யாணமும் நடந்தது. மனைவி நேசபாய் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீடு அவளால்தான் ஓடியது. அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதுவே அவனுக்குப் பாரமாக இருந்தது.

ஐம்பத்திரண்டு ஜனவரியில் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மீன் ஆராய்ச்சி அதிகாரி வந்து நாகர்கோவிலில் அதிகாரிகள் தங்கும் முசாவரி பங்களாவில் தங்கினார். பெயர் கிருஷ்ணமணி. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த ஒரு ஹைட்ரோபோன் அவருடைய ஆபீஸில் இருந்தது. கடலுக்குள் இறக்குகிற ஒரு குமிழ், நீளமான கேபிள், பாட்டரிப் பெட்டி, ஹெட்போன். அதை இயக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை. யாரோ செல்வதாஸின் பெயரைச் சொல்லியிருந்தார்கள்.

வட்டக்கோட்டைப் பக்கத்துக் கடற்கரைக்காரர்கள் மனுப்போட்டிருந்தார்கள். இரண்டு வருஷமாகச் சாளை மீன் சரியாகப் படவில்லை. கடல்பன்றிக் கூட்டம் வந்து சாளையை விரட்டிவிடுகிறது. அரசாங்கம் ஏதாவது செய்ய வேண்டும். நிஜமாகவே கடல்பன்றிதான் காரணமா என்று ஒரு வருஷம் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் குறித்துவைக்க வேண்டும். அதுதான் வேலை.

"கப்பலில கேட்டுப் பழகின காது. நல்லா இருக்கில்லா?" என்று கிருஷ்ணமணி கேட்டார்.

"இருக்கு சார்" என்றான் செல்வதாஸ்.

லீபுரத்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினான். சனி ஞாயிறில் நேசபாய் பஸ் பிடித்து வருவாள். விடிந்ததும் கடலை ஒட்டி நிற்கும் வட்டக்கோட்டைச் சுவரின் மேல் ஏறி, ஆபீஸ் கொடுத்த பைனாகுலரோடு பத்து மணி வரை கடலைப் பார்ப்பான். பிறகு சூசையடிமை என்ற மீன்பிடிக்காரரின் வள்ளத்தில் போய்க் குமிழைத் தண்ணீரில் இறக்கிக் கேட்பான். பார்த்தது ஒரு நோட்டில், கேட்டது இன்னொரு நோட்டில்.

கடல்பன்றி என்பது ஓங்கில் எனும் டால்பின் மாதிரித் துள்ளி விளையாடுகிற பிராணி இல்லை. ஆள் நீளம்கூட வராது. முதுகில் துடுப்பும் கிடையாது. கறுத்த ஆட்டுக்கல் குழவி ஒன்று தண்ணீரில் உருண்டதுபோல முதுகு தெரியும், 'பூஸ்' என்று ஒரு மூச்சு, அவ்வளவுதான். கண்ணை எடுத்தால் போயிற்று. ஆரம்பத்தில் அலையின் நிழலுக்கும் அதன் முதுகுக்கும் வித்தியாசம் தெரியாமல் திணறினான். இரண்டு வாரத்தில் பிடிபட்டது. தாயும் குட்டியுமாகப் போகிறவை, தனியாகத் திரிகிறவை, கோட்டைக்குக் கீழே பாறைகளை ஒட்டி இரை தேடுகிறவை என்று பிரித்துச் சொல்ல வந்தது.

சூசையடிமைக்கு நாற்பது வயதிருக்கும். ஹைட்ரோபோனுக்குக் கடல் ரேடியோ என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

"என்ன சாரே, இன்னைக்குப் பாட்டு உண்டா?"

"இறால் வெடிக்குது அண்ணே. வேற ஒண்ணும் இல்ல."

கடலுக்கு அடியில் எப்போதும் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல ஒரு சத்தம் உண்டு. சில மீன்கள் பானையைத் தட்டுவதுபோலத் தட்டும். ஒருநாள் வெளிக்கடலில் ஓங்கில் கூட்டம் போனது. பனையோலை ஊதலைப் பல பிள்ளைகள் ஒன்றாக ஊதுவதுபோலச் சீழ்க்கைகள் வலது காதில் வந்து விழுந்தன. செல்வதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. காது இன்னும் இருக்கிறது.

ஆனால் கடல்பன்றி கேட்கவில்லை. வள்ளத்துக்கு இருபது பாகம் தள்ளி முதுகைக் காட்டும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். இருபது என்பது கூப்பிடு தூரத்திலும் குறைவு. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பான். கடுகு வெடிக்கும். அதற்குமேல் எதுவும் வராது. மெல்லிய சத்தங்கள் மட்டும் தனக்குக் கேட்காமல் போய்விட்டனவோ? வலது காதிலும் சில நாளாக ஒரு ரீங்காரம் இருந்தது. அந்தப் பயத்தை யாரிடம் சொல்வது?

இரண்டாம் மாதக் கடைசியில் கிருஷ்ணமணி வந்தார். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ஏழு தடவை ரொம்பக் கிட்டத்தில பாத்திருக்கீர். ஆனா ஒரு சத்தமும் எழுதல்லியே?"

"கேக்கல்ல சார்."

"ஓங்கில் கேக்குது?"

"அது நல்லாக் கேக்குது."

"ரெண்டும் ஒரே வம்சம்தானே? கூட்டமா வாழுற பிராணி ஊமையா இருக்குமா?" பாட்டரிப் பெட்டியைத் திறந்து அவரே சோதித்தார். "கருவியில ஒரு குறையும் இல்ல. அப்போ..." என்று நிறுத்திவிட்டுச் செல்வதாஸின் முகத்தைப் பார்த்தார்.

அந்த 'அப்போ'வுக்குப் பிறகு என்ன வரும் என்று செல்வதாஸுக்குத் தெரியும். டாக்டர், பரிசோதனை, மறுபடியும் வடசேரிச் சந்தை.

"லேசா ஒரு சீழ்க்கை உண்டு சார். ஓங்கிலைவிட மெலிசு. அதுதானா இல்லையான்னு சந்தேகமா இருந்தது. அதான் எழுதல்ல."

கிருஷ்ணமணியின் முகம் மலர்ந்தது. "சந்தேகப்படாம எழுதும்வே! இந்தக் கடல்பன்றிச் சத்தத்தை இதுவரை யாரும் குறிச்சதில்ல. நாமதான் முதல்."

அன்றிலிருந்து செல்வதாஸ் எழுதினான். வள்ளத்துக்குக் கிட்டத்தில் பார்த்த நாளில் 'சீழ்க்கை, இரண்டு', 'சீழ்க்கை, மூன்று' என்று எழுதினான். சத்தம் இருக்கத்தான் இருக்கும்; கேட்காதது என் குறை; இருப்பதைத்தானே எழுதுகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனி ஆடியில் காற்று கிளம்பி வெள்ளை அலை அடித்தபோது சுவரிலிருந்து ஒரு முதுகும் தெரியவில்லை. வள்ளமும் இறங்க முடியவில்லை. பாறையிலிருந்து கேபிளை விட்டுக் கேட்டான், இரைச்சல்தான். இரண்டு நோட்டும் காலியாகக் கிடந்தால் வேலையே செய்யவில்லை என்று நினைப்பார்களே என்று, அந்த நாட்களில் காது நோட்டில் மட்டும் சீழ்க்கைகளைத் தாராளமாக எழுதிவிட்டான்.

அக்டோபரில் கிருஷ்ணமணி ஒரு பெரிய தாளோடு வந்தார். செல்வதாஸின் சீழ்க்கைகளையும் கரையிலிருந்து இழுக்கும் வலையான கரைமடியில் மீன் பட்ட நாள், படாத நாளையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டிருந்தார்.

"பாரும். சீழ்க்கை கேட்ட நாள் நாப்பத்தொண்ணு. அதில முப்பத்தாறு நாள் மடி வெறுமனே வந்திருக்கு. மனுவில உள்ளது சரிதான். கடல்பன்றி வந்தா சாளை ஓடுது."

செல்வதாஸ் தாளைப் பார்த்தான். அந்த முப்பத்தாறும் அலை அடித்த நாட்கள். அந்த மாதிரிக் கடலில் மடி இழுத்தால் யாருக்கும் மீன் படாது.

"அது... காத்து பலமா இருந்த நாள் சார்."

"ஆமா. காத்து நாளில அது கரைக்கு ஒதுங்குது. அதுவும் இதில தெரியுது." அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார். "கூட்டத்தைக் குறைக்கணும்ணு எழுதியாச்சு. அடுத்த வாரம் அஞ்சு வள்ளம் ஏற்பாடு. நீர் கோட்டை மேல நிண்ணு இடம் காட்டணும்."

சொல்ல அப்போது ஒரு நொடி இருந்தது. அவன் சொல்லவில்லை. ஒன்றைச் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் கோட்டைச் சுவரின் மேல் சிவப்புத் துணியோடு நின்றான். கடல் அன்று கண்ணாடி போல இருந்தது. எட்டு மாதம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒரு முதுகும் தப்பவில்லை. துணியை அவன் காட்டிய திசையில் வள்ளங்கள் வளைத்தன. துடுப்பால் தண்ணீரை அடித்தார்கள். கனத்த வலை இறங்கியது. மதியத்துக்குள் ஐந்து கடல்பன்றிகளைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். தண்ணீரை விட்டு வந்ததும் அவற்றின் உடம்பு கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறியது. ஒன்றுக்கு இழுபட்ட அழுத்தத்தில் வயிற்றடியிலிருந்து பால் கசிந்து மணலில் பரவியது. சூசையடிமை தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிருஷ்ணமணி வயிற்றைக் கீறச் சொன்னார். ஐந்திலும் இறால், சின்னக் கணவாய், பொடிமீன் சில. ஒரு சாளை கூட இல்லை. அவர் குனிந்து ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தார். பிறகு, "அஞ்சை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அடுத்த மாசம் இன்னொரு தடவை வளைச்சுப் பாப்போம்" என்று சொல்லி, எழுதிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நேசபாய் வந்தபோது அடுப்பு மூட்டப்படாமல் கிடந்தது. அவள் கஞ்சி வைத்து, துவையல் அரைத்து முன்னால் வைத்தாள். அவன் கையை வைக்கவில்லை.

"என்னண்ணு சொல்லாம இருந்தா எனக்கு எப்பிடித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னான். குண்டு வெடித்ததிலிருந்து மணலில் பரவிய பால் வரைக்கும்.

"காது விசயம் எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "கலியாணம் கழிஞ்ச மூணாம் நாளே தெரியும். இந்தப் பக்கம் நிண்ணு கூப்பிட்டா நீங்க திரும்ப மாட்டிய. நீங்களே சொல்லுவியண்ணு இருந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்க காது நல்லாத்தானே இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போங்க. அது என்ன சொல்லுதுண்ணு நான் கேட்டுச் சொல்லுதேன்."

அன்று சாயங்காலமே கோட்டைக்குக் கீழே பாறையில் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கேபிளை விட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். முதலில் பயந்து கையை உதறினாள்.

"ஏதோ பொரியுது!"

"அது இறால். அதுக்கு மேல என்ன கேக்குதுண்ணு பாரு."

ஐந்து மணிக்கு இரண்டு கடல்பன்றிகள் பாறையை ஒட்டி வந்தன. கொல்லப்பட்டது போக மிஞ்சியவை. மிக அருகில், பதினைந்து பாகம்கூட இருக்காது. செல்வதாஸ் விரலை நீட்டி, "இப்ப... இதோ இப்ப..." என்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பாலும் கேட்டாள். அரை மணி நேரம் அவை அங்கேயே சுற்றின.

ஹெட்போனைக் கழற்றியபோது அவள் முகத்தில் குழப்பம்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லியே. சத்தியமாட்டு ஒண்ணும் இல்ல."

மறுநாள் ஆராதனைக்குப் போகாமல் மறுபடியும் கேட்டாள். அடுத்த சனி ஞாயிறும் கேட்டாள். அதே பதில். அந்தப் பிராணியின் சத்தம் மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் ஓடுகிறது, யார் கேட்டாலும் கேட்காது என்பதைப் பல வருஷம் கழித்து வேறு தேசத்தில் வேறு கருவிகளோடு கண்டுபிடித்தார்கள். அன்றைக்கு அந்தப் பாறையில் இருந்த இருவருக்கும் அது தெரியாது. ஆனால் செல்வதாஸுக்கு ஒன்று புரிந்தது. அவன் காதில் குறை இருந்தது. ஆனாலும் அவன் கேட்டது சரி. முதல் இரண்டு மாதம் எழுதிய 'கேட்கவில்லை' என்பதுதான் உண்மை. பயப்படாமல் அதிலேயே நின்றிருந்தால் போதும்.

"காது போனதுக்குக் கர்த்தருகிட்ட கோவிச்சுக்கிடலாம்" என்றான் நேசபாயிடம். "இதுக்கு நான் யாருகிட்டக் கோவிக்க?"

அவள் எழுந்தாள். கேபிளைச் சுற்ற உதவினாள். காது நோட்டில் அந்த நாலு நாளையும் எழுதி, 'கேட்டவர்: நேசபாய்' என்று குறித்தான்.

திங்கட்கிழமை வடசேரியில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனான். கிருஷ்ணமணியின் மேஜையில் இரண்டு நோட்டையும் வைத்து, நின்றபடியே சொன்னான். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு முகம் சிவந்தது.

"இதை வச்சு எழுதின கட்டுரையை அனுப்பியாச்சு. தெரியுமா உமக்கு?"

"திருப்பி வாங்கணும் சார். அந்த நாப்பத்தொண்ணில ஒண்ணுகூட நான் கேக்கல்ல."

"உமக்குக் காது ஒண்ணு போச்சு. எனக்குப் பேரே போயிரும்வே." எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. "அன்னைக்குக் கோட்டையில வச்சு, 'அப்போ'ண்ணு சொல்லி நிறுத்தினேன். அதுக்கப்புறம்தானே சீழ்க்கையைச் சொன்னீர்?"

"ஆமா சார்."

"எனக்கு அப்பவே ஒரு உறுத்தல் இருந்தது. கேக்க மனசில்ல. சத்தம் வேணும்ணு இருந்தது." ஒரு வெள்ளைத் தாளை அவன் பக்கம் தள்ளினார். "எழுதிக் குடும். உள்ளதை உள்ளபடி."

எழுதிக் கொடுத்தான். அன்றோடு வேலை போயிற்று. இரண்டாவது வளைப்பு நடக்கவில்லை. அந்தக் கட்டுரை அச்சேறியதா, அவர் திருப்பி வாங்கினாரா என்று செல்வதாஸுக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

அதைவிடக் கஷ்டமாக இருந்தது கடற்கரைக்குப் போனதுதான். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் இருக்கும்போதே சூசையடிமையிடம் சொன்னான். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் எழுந்து அடிக்க வந்தான். சூசையடிமை அவனைக் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

"கடல்பன்னிதான் சாளையை விரட்டுதுண்ணு நாங்களும் சொன்னோம். இல்லேங்கல்ல" என்றார். "அது எங்க வயித்துக் காய்ச்சல்ல சொன்னது. நீரு படிச்சவரு; ரேடியோ வச்சுக் கேட்டவரு. நீரு எழுதி வச்சதுக்குப் பொறவுதானே நான் வலையை எடுத்தேன்? பால் குடுத்துக்கிட்டு இருந்ததை இழுத்துப் போட்டது எனக்க கை." வலையைக் கீழே வைத்தார். "இனி இந்தப் பக்கம் எனக்க வள்ளத்தைத் தேடி வராதீரும்."

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை, நேசபாயின் முயற்சியில் கிடைத்தது. சீசாக்களைக் கழுவி அடுக்கினான். ஆனால் சனிக்கிழமைதோறும் வட்டக்கோட்டைக்குப் போவதை விடவில்லை. பைனாகுலரும் ஹைட்ரோபோனும் ஆபீஸுக்குப் போய்விட்டன. வெறும் கண்ணோடு சுவரில் உட்கார்ந்து, சொந்த நோட்டில் எழுதினான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்பவுமில்லை. வளைப்புக்கு முன்னால் ஒரு காலையில் பன்னிரண்டு வரை எண்ணியிருக்கிறான். ஐம்பத்து மூன்றில் நாலு மாதம் ஒன்றுகூட வரவில்லை. பிறகு ஒன்று, இரண்டு. ஒரு வருஷம் சாளை ஏராளமாகப் பட்டது. அடுத்த வருஷம் படவில்லை. கடல்பன்றி வந்ததற்கும் போனதற்கும் அதற்கும் ஒரு தொடர்பையும் அவனால் காண முடியவில்லை. சில சமயம் நேசபாயும் வந்து பக்கத்தில், வலது பக்கமாக, உட்காருவாள்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கரைமடி இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கூச்சலிடுவது சுவர்மேல் கேட்டது. மடிக்குள் ஏதோ கறுப்பாக உருண்டது. செல்வதாஸ் இறங்கி ஓடினான். உயிரோடு ஒரு கடல்பன்றி. இரண்டு பேர் துடுப்பை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கும் அதற்கும் நடுவில் சூசையடிமை நின்றுகொண்டிருந்தார். இவனைப் பார்த்ததும், மூன்று வருஷத்துக்கு மேல் பேசாதவர், "சாரே, சீக்கிரம் வாரும். இதை என்ன செய்யணும்?" என்றார்.

"முதல்ல நனைக்கணும். மூச்சு விடுற துளையில தண்ணி விடாதிய. மடியோட தூக்குங்க."

நாலு பேர் மடிவலையோடு தூக்கினார்கள். செல்வதாஸ் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு மார்பளவு தண்ணீர் வரை போனான். தோல், நனைந்த ரப்பர் மாதிரி வழுக்கியது. உள்ளே இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. வலையை விலக்கியதும் அது கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு வாலை ஒரு தடவை அடித்து முங்கியது. பத்துப் பாகம் தள்ளி ஒரு முதுகு. அதன்பிறகு ஒன்றுமில்லை.

கரையேறியதும் சூசையடிமை தன் தலைத்துண்டை அவனிடம் துவட்டக் கொடுத்தார். "பிழைக்குமா?"

"தெரியல்ல அண்ணே."

அவர் தலையை ஆட்டினார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆள் வந்து, கோட்டைக்கு வடக்கே ஒரு கடல்பன்றி செத்து ஒதுங்கிக் கிடக்கிறது, சூசையடிமை சொல்லச் சொன்னார் என்றான். அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு போனான். நாய்கள் கடித்திருந்தன. சனிக்கிழமை விட்டது இதுதானா என்று குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தான். வலைத் தழும்பு போல ஒன்று கழுத்தில் இருந்தது, நாய்ப்பல்லாகவும் இருக்கலாம். சூசையடிமை மண்வெட்டியோடு காத்திருந்தார். இருவருமாக மணலைத் தோண்டிப் புதைத்தார்கள். அஞ்சுகிராமம் பஸ்ஸில் திரும்பும்போது நோட்டை எடுத்து, சனிக்கிழமை ஒன்றை உயிரோடு விட்டதையும், செவ்வாய்க்கிழமை ஒன்று செத்து ஒதுங்கியதையும், இரண்டும் ஒன்றுதான் என்று சேர்க்காமல், தனித்தனியாக எழுதினான்.